பாசம் மட்டும் போதுமா? – நாட்டு நாய் வளர்ப்பு பற்றிச் சில வார்த்தைகள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



கறவை மாடு, வெள்ளாடு, தையல் மிஷின் என்று எத்தனையோ கடன் மனுக்களை நாம் பார்த்திருக்கிறோம். இந்த மாதம் ஒரு புது மனு வந்திருக்கிறது. ராஜபாளையம் நாய் வளர்க்கக் கொட்டகை போட 30,000 ரூபாய். "நாய்க்கு லோனா?" என்று சிலர் சிரித்தீர்கள். சிரிக்கட்டும், தப்பில்லை. ஆனால் முடிவு எடுப்பதற்கு முன்னால் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

நம் நாட்டு நாய்கள் சாதாரணமானவை அல்ல. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் ஊர்ப்பெயரில் அமைந்த இனங்கள். கன்னி நாயும் நம் தென்மாவட்டத்து நாய்தான். 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. தோட்டம், ஆட்டுப்பட்டி காத்த நாய்கள் இவை. வெளிநாட்டு நாய் மோகத்தில் நாம்தான் இவற்றை மறந்துவிட்டோம்.

மனு கொடுத்த அக்கா தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் உயிர். ஆட்டுக்குக் காவலாக ஒரு பெட்டை வாங்கினார். நல்ல வெள்ளை, மூக்கு ரோஜா நிறம். பார்த்தவர்கள் எல்லாம் "கண்காட்சிக்குக் கொண்டுபோ" என்றார்கள். போனார். அங்கே என்ன நடந்தது தெரியுமா? கூட்டத்தைப் பார்த்து நாய் மிரண்டு படுத்துவிட்டது. நடுவர் பல்லைப் பார்க்க வாயைத் திறக்கவே விடவில்லை. பரிசு இல்லை, பஸ் செலவுதான் மிச்சம்.

கண்காட்சியில் அழகை மட்டும் பார்ப்பதில்லை, அக்கா. அந்த இனத்துக்கென்று எழுதிவைத்த இலக்கணம் இருக்கிறது. உயரம், தலை, பல் வரிசை, வால், நடை, குணம் எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதைப் புரிந்துகொண்ட அக்கா, தினமும் காலையில் கயிறு பிடித்து நடத்திப் பழக்கினார். சந்தைக்குக் கூட்டிப்போய் சத்தத்துக்குப் பழக்கினார். பிள்ளைகளை விட்டு வாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அடுத்த வருடம் இரண்டாம் பரிசு வந்தது. "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று திண்ணையில் பேசியவர்களே கோப்பையைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள்!

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது கோப்பையை அல்ல. நாய் ஆறு குட்டி போட்டது. அதில் ஒன்று, பின்னால் நின்று கைதட்டினாலும் திரும்பவில்லை. காது கேட்கவில்லை. வெள்ளை நிறத்தைக் கொடுக்கிற அதே பிறவிக்கூறு, சில குட்டிகளுக்கு உள்காதையும் பாதித்துவிடும். 30 நாளிலேயே வியாபாரி வந்தார். "ஆறையும் கொடுங்க, கேட்காததையும் சேர்த்துத் தள்ளிவிட்டுடலாம்" என்றார். அக்காவுக்கு அந்த மாதம் மகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு வேறு. இருந்தும் கொடுக்கவில்லை. ஐந்து குட்டிகளை இரண்டு மாதம் தாண்டித்தான் கொடுத்தார். ஆறாவது இன்றைக்கும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. அதை இனவிருத்திக்கு விடுவதில்லை. விட்டால் குறை அடுத்த தலைமுறைக்கும் போகும்.

இது பாசம் மட்டுமல்ல, சட்டமும்கூட. 2017-ல் வந்த நாய் இனவிருத்தி மற்றும் விற்பனை விதிகளின்படி, குட்டி விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது. 18 மாதம் நிரம்பாத பெட்டையைச் சேர்க்கை செய்யக்கூடாது. ஒரு பெட்டை ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. அடுத்தடுத்த பருவத்தில் ஈனவிடவும் கூடாது. நமக்குப் பேறுகாலத்துக்குப் பிறகு உடம்பு தேற எவ்வளவு நாள் ஆகிறது? வாயில்லா ஜீவனுக்கும் அப்படித்தானே!

இனி கணக்குக்கு வருவோம். மாடு தினமும் பால் தரும். நாய் தராது. சினைக்காலம் சுமார் 63 நாள். அதன்பிறகு குட்டிக்குத் தீனி, குடற்புழு மருந்து, தடுப்பூசி, பதிவுச் செலவு. எல்லாக் குட்டியும் பிழைக்கும் என்று சொல்லவும் முடியாது. பரிசு கிடைத்தால் பெயர்தான் வரும், பணம் வராது. ஆகவே நாய் வருமானத்தை நம்பித் தவணை கட்ட நினைத்தால் சிரமம். அக்கா ஆட்டு வருமானத்தில் தவணை கட்டுவதாக எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கைக் கேளுங்கள். வாரியப் பதிவு ஆகிவிட்டதா என்று கேளுங்கள். அப்புறம் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். முடிவு உங்களுடையது.

கடைசியாக, நாய் வளர்க்கும் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. மூன்று மாதக் குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும் போடுங்கள். நாய் கடித்தால் மஞ்சள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது அரிது. தடுப்பூசி போட்டால் வராமலே தடுக்கலாம்.