இது எதுக்கு ஆகாதுன்னும் எழுதுங்க

இன்னைக்குப் பேசப்போறது விக்கிறதுக்காக எழுதுற வரிகளைப் பத்தி. அமேசான் பக்கத்துல, இன்ஸ்டா போஸ்ட்ல, வாட்ஸ்அப் கேட்டலாக்ல பொருளுக்குக் கீழ நாலு வரி போடுறோமே, அது. படிக்கிறவங்க அதை நம்பணும்னா என்ன எழுதணும்? எங்க ஊர்ச் சரக்கை வச்சே பாத்துரலாம்.

சிங்கம்புணரின்னா கயிறு. தேங்காய் மட்டையில இருந்து நார் பிரிச்சு, கயிறு திரிச்சுப் பிழைக்கிற குடும்பங்கள் இங்க நிறைய. நார் எடுத்ததும் மிஞ்சுற தூள் ஒரு காலத்துல வெறும் கழிவு. இன்னைக்கு அதையே கழுவி, காய வச்சு, அழுத்தி 5 கிலோ கட்டியாக்கினா, அதுதான் உங்க மாடித் தோட்டத்துக்கு வர்ற கோகோபீட்.

அதை ஆன்லைன்ல விக்க ஆரம்பிச்ச ஒரு அண்ணன், "தம்பி, ஆளை இழுக்கிற மாதிரி நாலு வரி எழுதிக் குடு"ன்னார். கையில ஒரு மாதிரியும் வச்சிருந்தார்: '100% இயற்கை உரம். செடி 3 மடங்கு வளரும். இன்னும் 2 மட்டுமே ஸ்டாக்.'

ஒவ்வொண்ணா பாப்போம். கோகோபீட் உரமே இல்ல. தண்ணியைப் பிடிச்சு வைக்கும், வேருக்குக் காத்து விடும். சத்து ரொம்பக் கம்மி. உரம்னு நம்பி வெறும் கோகோபீட்ல தக்காளி நட்டா செடி வெளிறிப்போகும். அப்புறம் வர்றது ஒரு ஸ்டார் ரிவ்யூதான்.

'3 மடங்கு'ன்னா எதைவிட? யார் அளந்தாங்க? ஆதாரம் இல்லாம இப்படிச் சொல்லக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோட 2022 வழிகாட்டுதல் சொல்லுது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், திரும்பச் செஞ்சா 50 லட்சம் வரைக்கும்.

'2 மட்டுமே ஸ்டாக்', குடோன் நிறைய கட்டி அடுக்கியிருக்கும்போது? ஆன்லைன் வியாபாரத்துல செய்யக் கூடாத 13 தந்திரங்களை 2023 நவம்பர்ல அதே ஆணையம் பட்டியல் போட்டுச்சு. அதுல முதல்ல இருக்கிறதே பொய்யான அவசரம்தான்.

அதனால நான் எழுதிக் கொடுத்தது இது: 'இது உரம் இல்லை. மண்புழு உரமோ தொழு உரமோ கலந்து நடவும். 5 கிலோ கட்டியை ஊற வைத்தால் சுமார் 70 லிட்டர் வரும், அதாவது 20 லிட்டர் வாளியில் மூன்றரை வாளி. உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவியது.'

அண்ணன் கேட்டார்: "உரம் இல்லைன்னு நாமளே சொன்னா எவன் தம்பி வாங்குவான்?"

நியாயமான கேள்வி. உரம் தேடி வந்தவர் வாங்க மாட்டார். அவர் வாங்கியிருந்தா சரக்கு ரிட்டர்ன் வரும், 5 கிலோவுக்குக் கூரியர் காசும் நம்ம தலையில. ஆனா செடி வளர்த்துப் பழகினவர் முதல் வரியைப் படிச்சதும், 'இவன் தனக்கு நஷ்டமானதையும் சொல்றான்'னு நினைப்பார். அதுக்கப்புறம் வர்ற 70 லிட்டரையும் அவர் நம்புவார். பெரிய பிராண்டுக்குப் பேர் இருக்கு. சின்ன வியாபாரிக்கு இந்த நாலு வரிதான் பேரு.

கழுவுறதை ஏன் சொல்லணும், எல்லாரும் செய்றதுதானேன்னு தோணலாம். நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல ஷ்லிட்ஸ் பீருக்கு விளம்பரம் எழுதின கிளாட் ஹாப்கின்ஸ், பாட்டிலைக் கழுவுறதைத்தான் எழுதினார். எல்லாக் கம்பெனியும் செஞ்ச வேலைதான், ஆனா யாரும் வாயைத் திறந்து சொன்னதில்ல. வேலையைக் காட்டினாலே போதும், 'தரமானது'ன்னு தனியா சொல்லத் தேவையில்ல.

நான் கோடு எழுதுற ஆள், அதனால எனக்கு ஒரே ஒரு டெஸ்ட்தான்: வாங்கினவர் தன் வீட்டுலயே இந்த வரியைச் சரிபார்க்க முடியுமா? வாளியை வச்சு அளக்க முடிஞ்சா வரி பாஸ். முடியலைன்னா டெலீட்.

இந்த வாரம் உங்க பொருளுக்கோ, உங்க ஆப்புக்கோ, ஏன், உங்க ரெஸ்யூமேக்கோ கூட ஒரு வரி எழுதிப் பாருங்க: இது எதுக்கு ஆகாது? எழுதிட்டு அதை மேல வைங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.