வரிச்சுமை யார் தோளில்?



இந்திய நிலப்பரப்பில் பொது விற்பனை வரியை முதன்முதலாக விதித்தது, 1939-இல், இராசாசி தலைமையில் அமைந்த சென்னை அரசே. மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட வந்த வரி அது. வரியைக் கட்டுவோன் வணிகன் என்றது சட்டம். சுமப்போன் யார்? அதனைச் சட்டம் முடிவு செய்வதில்லை. விலகிச் செல்ல இயலாமையே முடிவு செய்கின்றது. நோயாளி மருந்தை வாங்காதிருக்க இயலாது. அவ்வரி அவன் தலையில் விழும். விலை ஏறினால் வாங்குவோர் அகல்வர் எனின், விற்போனே அதனைச் சுமப்பான்.

தீப்பெட்டியைக் காண்க. 2007 முதல் அதன் விலை ஓர் உருபா. 2020 ஏப்பிரலில், கையால் செய்த தீப்பெட்டிக்கு வரி 5 விழுக்காட்டினின்று 12-ஆக ஏறிற்று; பொறியால் செய்ததற்கு 18-இனின்று 12-ஆக இறங்கிற்று. கடையிலோ இரண்டும் அதே ஓர் உருபா! ஏறிய வரி வாங்குவோனைத் தொடவில்லை. இறங்கிய வரியின் பயனும் அவனுக்குக் கிட்டவில்லை. ஓர் உருபாக் காசைத் தாண்ட வழியின்றி, கோவிற்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கைத்தொழிலோர் பக்கமே அச்சுமை நின்றது. 2021 திசம்பரில்தான் விலை இரண்டு உருபா ஆயிற்று.

இவ்விழுக்காட்டை முடிவு செய்யும் மன்றத்தில் வாக்கு வலிமையின் மூன்றிலொரு பங்கு நடுவணரசினது. முடிவிற்கோ நான்கில் மூன்று பங்கு வேண்டும். நடுவணரசு இசையாமல் எதுவும் நடவாது!

வரி எவ்வளவு என்பதோடு, எவன் தோளில் என்பதையும் வினவுக! வினவாத இனம் சுமந்துகொண்டே இருக்கும்.