மறுபடியும் வந்த நோய்
(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மாணவர் நலன் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எனக்கு அனுபவத்தில் தெரிந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஒரு வீட்டில் புற்றுநோய் வந்து, குணமாகி, சில வருடம் கழித்து மறுபடியும் வந்தால் அந்த வீடு எப்படி நடக்கிறது? அந்த வீட்டுப் பிள்ளை நம் வகுப்பில் எப்படி உட்கார்ந்திருக்கிறது?

என் அண்ணிக்கு 2018இல் மார்பகப் புற்றுநோய். எங்களுக்குத் திண்டிவனம். அறுவைச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் புதுச்சேரி ஜிப்மரில் நடந்தன. அப்போது வீடு நிறைய ஆட்கள். சித்தி வந்து ஒரு மாதம் தங்கினார். பக்கத்து வீட்டில் இருந்து தினமும் ரசம் வரும். எங்கள் பள்ளியில் இருந்து ஆசிரியர்கள் எல்லோரும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார்கள். சிகிச்சை முடிந்தது, முடி வளர்ந்தது, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். 2023இல் முதுகுவலி என்று போனபோது, அதே நோய் முதுகெலும்பில் இருப்பதாகச் சொன்னார்கள்.

எலும்பில் இருந்தாலும் அதற்குப் பெயர் மார்பகப் புற்றுநோய்தான். முதல் கட்டியில் இருந்து என்றோ பிரிந்துபோன செல்கள் வருடக்கணக்கில் உறங்கிக் கிடந்து பிறகு வளர்கின்றன. நோயாளி ஒழுங்காக இருந்தாலும் இது நடக்கும். ஆனால் உறவுக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "ஏன், மாத்திரையெல்லாம் சரியா சாப்பிடலையா?" என்பதுதான். இந்தக் கேள்வியை நாம் யாரும் எந்த வீட்டிலும் கேட்க வேண்டாம்.

இரண்டாம் முறை ஆட்கள் வரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றுவிட்டார்கள். ஆனால் வேலை இந்த முறைதான் அதிகம். முதல் முறை இத்தனை கீமோ என்று எண்ணிக்கை இருந்தது, முடியும் நாள் தெரிந்தது. இப்போது மருந்து வேலை செய்கிறவரை 21 நாளுக்கு ஒருமுறை. கணக்குப் பாருங்கள்: வருடத்துக்கு 17 தடவை. என் தற்செயல் விடுப்பு 12 நாள். அண்ணன் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். கடையை மூடினால் அன்றைக்கு வருமானம் இல்லை. ஒரே ஆள் தாங்க முடியாது. அதனால் சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் மாட்டி, யார் எந்த நாள் என்று எழுதினோம். அண்ணன் ஒரு முறை, நான் ஒரு முறை, சித்தி மகன் ஒரு முறை கோரிமேட்டில் இறங்கி வரிசையில் நிற்போம். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று கேட்டவர்களிடம், "மூணாவது வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாடு" என்று நாங்களே கேட்கத் தொடங்கினோம். நாளும் வேலையும் சொன்னால் மனிதர்கள் தயங்காமல் செய்கிறார்கள்.

அதே காலண்டரில், மருந்து ஏற்றிய ஏழாம் நாளில் இருந்து பதினான்காம் நாள் வரை மஞ்சள் கோடு. பொதுவாக அந்த வாரத்தில்தான் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைகின்றன. அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் வீட்டில் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது, நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிதான். தெர்மாமீட்டர் பார்ப்பது அண்ணன் மகள் வேலை. அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

நம் தொழிலுக்கு நெருக்கமானது இந்தப் பிள்ளையின் கதைதான். கஷ்டப்படும் பிள்ளை மதிப்பெண்ணில் இறங்கும், சண்டை போடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். இவள் இறங்கவில்லை. எதையும் கேட்காத, எதற்கும் அழாத, மிகவும் நல்ல பிள்ளையாகிவிட்டாள். பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் ராத்திரி, பாத்திரம் துலக்கும்போது, என்னிடம் கேட்டாள்: "போன தடவை சரியாயிடும்னு எல்லாரும் சொன்னீங்கல்ல, அத்தை?"

எனக்குப் பதில் வரவில்லை. உள்ளே படுத்திருந்த அண்ணிதான் கூப்பிட்டார். "அப்போ சரியாத்தான் ஆச்சு பாப்பா. இப்போ திரும்ப வந்திருக்கு. இந்த மருந்து கேக்குமான்னு எனக்கே தெரியாது. ஆனா ஸ்கேன்ல என்ன வந்தாலும் உங்கிட்ட மறைக்க மாட்டேன்." அன்றைக்குத்தான் அந்தப் பெண் அழுதாள். அதற்குப் பிறகு தூங்கினாள். ஒவ்வொரு ஸ்கேன் முடிவையும் அண்ணி அவளிடம் சொல்லிவருகிறார், நல்லதையும் நல்லதில்லாததையும். "சரியாயிடும்" என்பது நம் கையில் இல்லாத வாக்கு. மறைக்க மாட்டேன் என்பதைக் காப்பாற்ற முடியும்.

பிறகு அவள் வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. மஞ்சள் கோட்டு வாரத்தில் மதிய இடைவேளையில் அலுவலகத் தொலைபேசியில் அம்மாவிடம் ஒரு நிமிடம் பேச அனுமதி வாங்கிக் கொடுத்தார். வகுப்பில் எல்லோர் முன்னாலும் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சில பிள்ளைகள் இவள் டிபன் பாக்ஸைத் தொடாமல் இருந்தார்கள். புற்றுநோய் தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. அறிவியல் ஆசிரியர் தன் பாடத்தோடு பாடமாக, யார் பெயரும் சொல்லாமல், இதை நடத்தினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்பதையும், அந்தத் துயரத்தில் இருந்துதான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னாராம். நல்ல யோசனை.

இன்னொன்று, இது அவசரமானது. பள்ளியில் சின்னம்மை வந்தால் நாம் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதோடு விட்டுவிடுகிறோம். கீமோ எடுப்பவர் வீட்டுக்கு அது போனால் உயிருக்கே ஆபத்து. உங்கள் வகுப்பில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை இருந்தால், சின்னம்மை தெரிந்த அன்றே அந்த வீட்டுக்குப் போன் செய்யுங்கள். மருத்துவரிடம் கேட்டு அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்வார்கள். வெளியூருக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ரயிலில் நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. சான்றிதழ் ஆஸ்பத்திரியில் தருவார்கள். பல பெற்றோருக்கு இது தெரியாது.

அண்ணி இப்போது காலையில் எழுந்து காபி போடுகிறார், சில நாள் போடுவதில்லை. வருகிற வியாழக்கிழமை என் முறை. ஏழாம் வகுப்பை அன்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் பார்த்துக்கொள்வார். அவர் பெயரும் எங்கள் காலண்டரில் இருக்கிறது.