கிராம சபையும் நம் இளைஞர்களும்



நம் சங்கத்தின் இருபத்தைந்தாண்டு உழைப்பினால் நம் தெருக்களில் பட்டதாரிகள் பெருகியுள்ளனர். ஆயினும் சுடுகாட்டுக்குச் செல்லும் பாதை பல சிற்றூர்களில் இன்னும் சேறாகவே கிடக்கின்றது. அப்பாதைக்கு நிதி கேட்பதற்குரிய அவையில் நம் படித்த பிள்ளைகளைக் காண இயலாமையே இதற்கொரு காரணமாகும்.

அவ்வவை கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 18 வயது நிறைந்து பட்டியலில் சேர்ந்த நீங்களும் உறுப்பினரே. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூடுகின்றது. பல ஊர்களில் நடப்பதென்ன? கூட்டம் முடிந்தபின் பதிவேடு நம் தெருவுக்கு வரும். களையெடுத்துத் திரும்பிய தாய்மார்களிடம் கையொப்பம் பெறப்படும். எதற்கு இட்டோம் என்பதை அவர்கள் அறியார். படித்த மகனோ வீட்டில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பான். படிக்கட்டும், ஆண்டில் ஆறு முற்பகல்கள் கழிவதனால் எவரும் தேர்வில் தோற்றுவிடார்.

இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. 1924-இல் இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தின் பின்னரே, பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் நம்மவர்க்கு உரிமையுண்டென அரசு ஆணையிட்டது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 சூன் திங்களில் தம் தோழர்களுடன் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில், நம்மவர்க்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவியில் ஒருவர் நிலைத்தமர 2006 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே அச்சம் இயல்பே. மகன் சபையில் பேசிய பேச்சுக்காக மறுநாள் தந்தைக்குக் கூலிவேலை மறுக்கப்படலாம் என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறியாதவர்கள் அல்லோம். எனவே தனியே செல்லாதீர்கள். பத்துப் பேராய், பெண்களும் உடன்வர, நேரத்துக்கு முன்பே சென்று முன்வரிசையில் அமருங்கள். வசைச்சொல் வேண்டா. கோரிக்கையை எழுத்தில் தந்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கக் கேளுங்கள். மறுப்பார்களாயின், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுச் செய்யுங்கள். 30 நாள்களுக்குள் விடை தரப்படவேண்டும். மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

மற்றொன்று. தீர்மானங்களை முழுதும் வாசித்தபின், கடைசி வரியை ஒட்டியே கையொப்பமிடுங்கள். இடையே வெற்றிடம் விட்டால் அங்கே பின்னர் என்ன எழுதப்படும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.