ஓட்டையை மறைத்தது யார்?

2017 மே 12, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் கணினித் திரைகள் சிவந்தன. 'கோப்புகளைப் பூட்டிவிட்டோம், 300 டாலர் கொடு' என்றது திரை. ஏறத்தாழ 7 ஆயிரம் நோயாளிகளின் சிகிச்சைத் தேதி ரத்தானது. 'வானாக்ரை' என்ற அந்தக் கிருமி சுமார் 150 நாடுகளில் புகுந்தது. நம் பக்கத்து ஆந்திராவின் போலீஸ் கணினிகளும் தப்பவில்லை.

அதற்கு வழி திறந்த கருவி எங்கே பிறந்தது தெரியுமா? அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ.வில்! மைக்ரோசாஃப்டே சொன்ன செய்தி இது. விண்டோஸில் ஓட்டையைக் கண்டவர்கள் ஊருக்குச் சொல்லாமல் வேவுக்கு வைத்துக்கொண்டார்கள். திருட்டுப்போய் ஏப்ரலில் அது சந்திக்கு வந்தது. டிசம்பரில் வடகொரியா மீது குற்றம் சாட்டியது அமெரிக்கா. சரி, ஆயுதம் செய்தவரை யார் விசாரிப்பது?

நம் பங்கையும் பேசுவோம். ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14லேயே வந்துவிட்டது, போட்டவர்கள் பிழைத்தார்கள். கடைக் கணக்கைக் கணினியில் வைத்திருக்கும் வியாபாரிகளே, 'அப்டேட்' கேட்டால் 'பிறகு' என்று தள்ளாதீர்கள். கணக்கின் நகலைத் தனி டிஸ்கில் எடுத்து, உடனே கழற்றி வையுங்கள். சொருகியே கிடந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான். மானம் போகுமென்று மறைக்கவும் வேண்டாம். தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் 'சர்ட்-இன்' அமைப்புக்கு நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் மத்திய அரசின் உத்தரவு.