அங்கே இப்போ மணி என்ன?

(பட்டிமன்றத் தலைப்பு: வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளை நம்மிடமிருந்து அதிகம் பிரித்து வைப்பது தூரமே! நேரமே! ‘நேரமே’ அணியில் பேசியது.)

வாழ்த்துக்கும் வணக்கத்துக்கும் உரிய நடுவர் அவர்களே! ‘தூரமே’ என்று தூர நின்று வாதாடிக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! வீட்டில் காபி ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ரொம்ப உருக்கமாகப் பேசினார்கள். கடல் என்றார்கள், மலை என்றார்கள், எட்டாயிரம் மைல் என்றார்கள். கேட்கக் கேட்க எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒன்றை கவனித்தீர்களா? பேச்சை முடிக்கும்போது, “நடுவர் அவர்களே, எனக்கு இன்னும் இரண்டு நிமிஷம் நேரம் வேண்டும்” என்று கெஞ்சினார்களே தவிர, “இரண்டு அடி தூரம் வேண்டும்” என்று கேட்கவில்லை! (சிரிப்பு, கைதட்டல்)

தூரத்தை மனிதன் எப்போதோ ஜெயித்துவிட்டான் ஐயா. ஒரு காலத்தில் வெளிநாட்டுக்குப் பேச வேண்டுமென்றால் ட்ரங்க்கால் பதிந்துவிட்டு அரை நாள் உட்கார்ந்திருப்போம். அப்புறம் தெருவுக்குத் தெரு மஞ்சள் எழுத்தில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத் வந்தது. பேசுகிறவன் கண் ஊர்க்காரன் முகத்தில் இருக்காது, சுவரில் ஓடுகிற மீட்டரில் இருக்கும். “அம்மா செளக்கியமா” என்று கேட்பதற்குள் எண் ஏறிவிடும். இன்றைக்கு? கைக்குள்ளே செல்போன். முகம் பார்த்துப் பேசலாம். செலவும் பெரிதாக இல்லை. ஆனால் இத்தனை வசதி வந்த பிறகும் “என் பிள்ளையோடு பேசி பத்து நாளாச்சு” என்று சொல்கிற தாய்மார்கள் இருக்கிறார்களா, இல்லையா? ஏன்? நாம் ஓய்வாக இருக்கும்போது அவன் தூங்குகிறான். அவன் ஓய்வாக இருக்கும்போது நாம் அடுப்படியில் இருக்கிறோம். இதற்குத் தூரமா காரணம்? நேரம் ஐயா, நேரம்!

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் மகள் 2014ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் மேல்படிப்புக்காக சிகாகோ போனாள். போய்ச் சேர்ந்து ஒரு வாரம். நான் ஒரு நாள் மத்தியானம் 12 மணிக்குக் கல்லூரியில் வகுப்பு முடிந்து வந்து கணக்குப் போட்டேன். சிகாகோவுக்கும் நமக்கும் பத்தரை மணி வித்தியாசம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். 12ஓடு பத்தரை. அப்படியானால் அங்கே இரவு பத்தரை. பிள்ளை படித்துக்கொண்டிருப்பாள் என்று போனைப் போட்டேன்.

போனை எடுத்தவள் ‘ஹலோ’ சொல்லவில்லை. “அப்பா! பாட்டிக்கு என்னாச்சு?” என்று ஒரே அழுகை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “பாட்டி நல்லா இருக்காம்மா. புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறந்தியா, கெட்டுப்போகாம இருக்கான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்” என்றேன். (சிரிப்பு)

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாள்: “அப்பா, இங்கே ராத்திரி ஒன்றரை மணி.”

நடந்தது என்ன? கழிக்க வேண்டியதை நான் கூட்டிவிட்டேன்! தமிழில் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறேன். கணக்கில் நான் எப்படி என்பது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு சிகாகோவுக்கும் தெரிந்துவிட்டது. (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளையின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும்? வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு நடுராத்திரியில் ஊரிலிருந்து போன் வந்தால் அதற்கு ஒரே பொருள்தான். பயப்பட வைத்தது எட்டாயிரம் மைல் அல்ல. ஒன்றரை மணி என்கிற அந்த நேரம்!

அன்றைக்கு உட்கார்ந்து படித்தேன் ஐயா, இந்த மணிக்கணக்கு என்னதான் என்று. ரொம்ப எளிமை. பூமி 24 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்று 360 பாகை. அப்படியானால் ஒரு மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிஷம். 1884இல் வாஷிங்டனில் பல நாட்டுக்காரர்களும் கூடி, லண்டன் பக்கத்தில் இருக்கிற கிரீன்விச்சைத் தொடக்கக் கோடாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். நம் நாட்டுக்கு எண்பத்திரண்டரை பாகைக் கோடு. நாலால் பெருக்குங்கள், 330 நிமிஷம். அதாவது ஐந்தரை மணி. கிரீன்விச்சுக்கு நாம் ஐந்தரை மணி முந்தி. சிகாகோவோ அந்தப் பக்கம், மேற்கே 90 பாகைக் கோட்டுக் கணக்கு, ஆறு மணி பிந்தி. இரண்டையும் சேர்த்தால் பதினொன்றரை மணி வித்தியாசம்.

சூரியன் முதலில் யார் வீட்டு வாசலுக்கு வருகிறானோ அவர் கடிகாரம் முந்தி ஓடும். கிழக்கே இருக்கிற சிங்கப்பூருக்கு இரண்டரை மணி கூட்டு. மேற்கே இருக்கிற துபாய்க்கு ஒன்றரை மணி கழி. கிழக்கு என்றால் கூட்டு, மேற்கு என்றால் கழி. இதை அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தால் என் மகள் அன்று நன்றாகத் தூங்கியிருப்பாள்.

இன்னொரு வேடிக்கை. நம்முடைய சென்னையே ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் மணி சொன்ன நகரம். நுங்கம்பாக்கத்தில் 1792இலேயே வானாய்வுக் கூடம் வந்துவிட்டது. அங்கே கணித்த மதராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முந்தி. கல்கத்தாவுக்கு ஒரு நேரம், பம்பாய்க்கு ஒரு நேரம் என்று இருந்த காலத்தில், இந்திய ரயில்கள் மதராஸ் நேரப்படிதான் ஓடின. 1906இல்தான் ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. அமெரிக்காவிலும் இதே கூத்துதான். ரயில் கம்பெனிக்கு ஒரு நேரம். கடைசியில் ரயில்வேக்காரர்கள் 1883 அக்டோபரில் கூடி, நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்துவிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். எந்த ஊரில் கூடினார்கள் தெரியுமா? அதே சிகாகோவில்! (கைதட்டல்) தூரத்தை ரயில் குறைத்தது. குறைத்த உடனே முளைத்த சிக்கல் நேரம். அன்றைக்கு ரயிலுக்கு வந்தது, இன்றைக்கு போனுக்கு வந்திருக்கிறது.

ஒரு நண்பர் கேட்பார்: “அது சரி ஐயா, முதலில் பத்தரை என்றீர்கள், இப்போது பதினொன்றரை என்கிறீர்களே?” இதில்தான் எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டையே வந்தது.

என் தாயார் அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். என் மகளை வளர்த்தது அவர்கள்தான். பேத்தி போன அன்றிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை, “டேய், அங்கே இப்போ மணி என்ன?” தாங்க முடியாமல் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிவந்து, நம் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி, சிகாகோ மணியைத் திருப்பி வைத்து, கீழே ‘பேத்தி ஊர்’ என்று எழுதி ஒட்டிவிட்டேன். அதற்கு அப்புறம் அந்த அம்மா நம் கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை. “பிள்ளை இப்போ எழுந்திருப்பா. இப்போ காலேஜுக்குக் கிளம்புவா.” உடம்பு எங்கள் ஊரில், உயிர் சிகாகோ மணியில்!

வாரம் ஒரு முறை சனிக்கிழமை இரவு 9 மணிக்கு மகள் பேசுவாள். நமக்கு ஞாயிறு காலை ஏழரை. பேத்தி ஊர்க் கடிகாரம் ஒன்பதைத் தொடும்போது பாட்டி குளித்து, திருநீறு பூசி, போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

நவம்பர் மாதம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடிகாரம் ஒன்பதைத் தொட்டது, போன் வரவில்லை. ஒன்பதே கால். ஒன்பதரை. “அம்மா, சாப்பிடுங்க” என்றால் “பேசிட்டுச் சாப்பிடறேன்” என்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து போன் வந்தது. பாட்டி முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. “பேத்திக்கு ஊர் பழகிடுச்சு. கிழவி எதுக்கு?” என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். மகளோ, “பாட்டி, நான் ஒன்பது மணிக்குக் கரெக்டாத்தானே பண்றேன்!” என்கிறாள். “ஒன்பதுக்கு நான் இங்கதான்டி உட்கார்ந்திருந்தேன்!” என்கிறார்கள் இவர்கள்.

நடுவர் அவர்களே, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது சுவரில் தொங்கின கடிகாரம்!

அமெரிக்காவில் கோடைகாலத்தில் சாயங்கால வெளிச்சம் வீணாகக் கூடாது என்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கிறார்கள். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு திரும்ப இழுத்துக்கொள்வார்கள். 2007இலிருந்து அங்கே இதுதான் ஏற்பாடு. கோடையில் பத்தரை மணி வித்தியாசம், குளிரில் பதினொன்றரை. இதை நாங்கள் கவனிக்கவில்லை. முள்ளை ஒரு சுற்றுத் திருப்பியிருந்தால் தீர்ந்திருக்கும். அந்த ஒரு சுற்று ஒரு பாட்டியையும் பேத்தியையும் இரண்டு வாரம் பிரித்து வைத்ததே! எட்டாயிரம் மைல் பிரிக்காததை அறுபது நிமிஷம் பிரித்தது ஐயா! (பலத்த கைதட்டல்)

தினசரி காலண்டரில் ராகு காலம் பார்க்கிறோம், எமகண்டம் பார்க்கிறோம், குளிகை பார்க்கிறோம். பிள்ளை இருக்கிற ஊரின் காலத்தைப் பார்க்கிறோமா? அதே காலண்டரில் மார்ச்சிலும் நவம்பரிலும் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். இன்னொன்று, சிகாகோ மாதிரி ஊர் என்றால் நம் காலைப்பொழுது அவர்களுக்கு முந்தின நாள் ராத்திரி. பிறந்த நாள் வாழ்த்தை நம் தேதிப்படி காலையில் சொன்னால், அங்கே பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை! (சிரிப்பு)

எதிரணித் தம்பி ஒருவர் சிரிக்கிறார். “செல்போனில் தட்டினால் சிகாகோ மணி தெரியுமே, இதற்கு எதற்குப் பட்டிமன்றம்?” என்கிறது அந்தச் சிரிப்பு. தம்பி, செல்போன் மணியைக் காட்டும். பொழுதைக் காட்டுமா? காலை ஏழரை என்று காட்டும். அது பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கார் சாவியைத் தேடுகிற ஏழரை என்று காட்டுமா?

தொல்காப்பியர் ஒரு பெரிய உண்மையைச் சொல்லிவைத்தார். வாழ்க்கைக்கு முதற்பொருள் என்ன என்றால், நிலம் மட்டும் என்று சொல்லவில்லை. நிலமும் பொழுதும் என்றார். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை. ஒருவர் எந்த நிலத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் போதாது, எந்தப் பொழுதில் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் அவர் மனசு தெரியும். இன்னொன்றும் சொல்கிறார்கள்: நிலம் ஒன்றோடு ஒன்று மயங்காது, பொழுது மயங்கும். அப்படியானால் என்ன? சிகாகோவைத் தூக்கிக்கொண்டுவந்து நம் ஊருக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் நம் காலையையும் அவர்கள் இரவையும் ஒரு அரை மணி நேரம் சேர்த்து வைக்க முடியும்!

அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது தொல்காப்பியம் இல்லை. என் தாயார்.

2018 டிசம்பர். அம்மா படுத்த படுக்கை. பேச்சு குறைந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்குக் கண்ணைத் திறந்து, “பிள்ளையோட பேசணும்” என்றார்கள். போனை எடுத்துவிட்டேன். என் கையைப் பிடித்து நிறுத்தி, “அங்கே இப்போ மணி என்ன?” என்று கேட்டார்கள்.

“ராத்திரி ரெண்டரைம்மா. பரவாயில்ல, எழுப்பறேன்.”

“வேண்டாம்டா. நடு ராத்திரியில போன் வந்தா பிள்ளை பயந்துடும். விடியட்டும்.”

யாருக்கு விடிய? நமக்கு அப்போது வெயில் கொளுத்துகிறது. அந்த உயிர் சிகாகோ விடிவதற்காகக் காத்திருந்தது ஐயா. மூன்றரை மணி நேரம். சாயங்காலம் ஐந்தரைக்கு, அங்கே காலை ஆறு அடித்ததும் போன் போட்டேன். பேத்தியின் குரல் கேட்டதும் என்ன கேட்டார்கள் தெரியுமா? எல்லாப் பாட்டியும் கேட்கிற மாதிரி ‘சாப்பிட்டியா’ என்று கேட்கவில்லை.

“இப்பத்தான் எழுந்தியா? பல் தேய்ச்சியா?”

அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலை போய்விட்டார்கள்.

எதிரணியினர் கேட்கலாம்: பேத்தி வந்து முகம் பார்க்க முடிந்ததா? இல்லை. வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். முடியவில்லை. அந்த இடத்தில் நான் தோற்கிறேன் ஐயா. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் மகள் இன்றைக்கும் சொல்வது என்ன? “பாட்டி முகத்தைப் பார்க்கலை” என்று ஒரு முறை அழுவாள். “நான் எழுந்திருக்கிற வரைக்கும் காத்திருந்தாங்களேப்பா” என்று நூறு முறை அழுவாள். தூரம் கொடுத்த துக்கம் ஒன்று. நேரம் தெரிந்த அன்பு கொடுத்தது வாழ்நாள் முழுக்க.

தூரம் யாரும் ஒன்றும் செய்ய முடியாதது. அதன் மேல் பழி போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாம். நேரம் அப்படி அல்ல. நேரத்தைத் தெரிந்துகொள்ளலாம், ஒதுக்கலாம், விட்டுக்கொடுக்கலாம். செய்யாமல் விட்டால் அது நம் குற்றம். ஆகவே பிள்ளைகளையும் நம்மையும் பிரித்து வைப்பது தூரம் அல்ல, நாம் கவனிக்கத் தவறுகிற நேரமே என்று நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்க வேண்டும்.

இன்றைக்கு ராத்திரி பிள்ளைக்கு போன் போடுவதற்கு முன்னால், ஒரு நிமிஷம், அங்கே இப்போ மணி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அந்த இரண்டாவது கடிகாரம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மார்ச்சிலும் நவம்பரிலும் ஸ்டூல் போட்டு ஏறி நானே திருப்பி வைக்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)