பழைய ஏடுகளில் கிடைத்த கடல்வழி



கடலை ஆராய்ந்தவர்கள் என்றதும் கொலம்பசும், வாஸ்கோ ட காமாவும், மகெல்லனும் நம் நினைவுக்கு வருகிறார்கள். புதிய கரைகளை நாடிச் சென்றவர்களின் புகழ் பெரிதுதான். ஆனால், இன்று நான் உங்களுக்குச் சொல்லப் போகும் மனிதர் புதிய கரை எதையும் காணவில்லை. அவருடைய தலையாய பணி ஓர் அலுவலக அறையில், மேசையின் முன் அமர்ந்தபடியே நடந்தேறியது. ஆயினும், பாய்மரக் கப்பல்கள் உலகைச் சுற்றி வந்த வழிகளை அப்பணி மாற்றி அமைத்தது. அவர் பெயர் மாத்யூ மோரி.

1806-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்த மோரி, 1825-இல் கடற்படையில் சேர்ந்தார். 1831-இல் ‘பால்மத்’ என்னும் கப்பலுக்கு வழிகாட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஹார்ன் முனையைச் சுற்றிக்கொண்டு பசிபிக் மாகடலுக்குச் செல்ல வேண்டும். அங்கே எந்தத் திங்களில் எத்திசைக் காற்று வீசும்? நீரோட்டம் எப்பக்கம் இழுக்கும்? இவற்றைச் சொல்லும் நூல் ஏதேனும் உண்டா என்று நியூயார்க் நகரில் தேடினார், கிடைக்கவில்லை. எத்தனையோ கப்பல்கள் சென்று மீண்ட வழிதான் அது. ஆனால், ஒவ்வொரு கப்பல் தலைவனும் தான் பட்டறிந்ததைத் தன்னோடே வைத்துக்கொண்டான். அவன் மறைந்தபோது அந்த அறிவும் மறைந்தது. இந்தக் குறை மோரியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1839-இல் அவர் பயணம் செய்த குதிரைவண்டி ஒன்று கவிழ்ந்தது. வலது கால் முறிந்து, ஊனம் நிலைத்துவிட்டது. இனிக் கப்பலில் பணியாற்ற இயலாது என்ற நிலையில், 1842-இல் வாஷிங்டனில் இருந்த கடற்படையின் வரைபட, கருவிக் கிடங்குக்கு அவரைத் தலைவராக்கினார்கள்.

அந்தக் கிடங்கில் பழைய கப்பல் நாட்குறிப்புகள் குவிந்து கிடந்தன. கப்பல் இருந்த இடம், காற்றின் திசை, நீரோட்டத்தின் போக்கு, வானிலை ஆகியவற்றை மாலுமிகள் நாள்தோறும் குறித்து வைத்த ஏடுகள் அவை. பயணம் முடிந்தபின் அவற்றைத் திறந்து பார்ப்பார் இல்லை. மற்றவர்கள் பழங்குப்பை என்று ஒதுக்கியதை மோரி புதையலாகக் கண்டார்.

அவர் கையாண்ட முறை மிக எளியது. கடற்பரப்பை அட்சரேகை, தீர்க்கரேகைகளால் கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும், ஒவ்வொரு திங்களிலும், காற்று எத்திசையிலிருந்து எத்தனை முறை வீசியது என்று ஏடுகளிலிருந்து எடுத்து எண்ணினார். ஒரு மாலுமியின் ஒருநாள் குறிப்பு வெறும் செய்தி. ஆயிரம் மாலுமிகளின் குறிப்புகள் ஒன்று சேர்ந்தால், அது இயற்கையின் ஒழுங்கைக் காட்டும் சான்று. இந்த உண்மையின்மீதே அவருடைய பணி முழுவதும் நின்றது.

1847-இல் வட அட்லாண்டிக் கடலின் காற்று, நீரோட்ட வரைபடம் வெளிவந்தது. அக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற கப்பல்கள், பிரேசிலின் கிழக்கு முனையருகே உள்ள நீரோட்டத்துக்கு அஞ்சி, ஆப்பிரிக்காவை நோக்கி நெடுந்தொலைவு விலகிச் சென்றன. அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை, நேராகவே செல்லலாம் என்றார் மோரி. 1848-இல் ஜாக்சன் என்னும் கப்பல் தலைவர் அதை நம்பிப் பால்ட்டிமோரிலிருந்து புறப்பட்டார். வழக்கமாக ஆகும் காலத்தைவிட இரண்டு வாரங்களுக்கும் மேல் முன்னதாக ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தை அடைந்தார்.

அதன்பின் மோரி ஓர் ஏற்பாடு செய்தார். தாம் வகுத்த படிவத்தில் நாள்தோறும் குறிப்பெழுதி அனுப்பும் கப்பல் தலைவருக்கு வரைபடங்கள் இலவசம். இதனால், வரைபடத்தைப் பயன்படுத்துகின்றவர்களே அதை வளர்க்கின்றவர்களும் ஆனார்கள். கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவிய காலம் அது. நியூயார்க்கிலிருந்து ஹார்ன் முனை வழியாகச் சான்பிரான்சிஸ்கோ செல்ல ஆறு மாதங்களுக்கு மேல் ஆகும். மோரியின் வழியைப் பின்பற்றிய கப்பல்களுக்குச் சராசரியாக நாலரை மாதங்களே போதுமாயிருந்தன. 1851-இல் ‘பிளையிங் கிளவுட்’ என்னும் பாய்மரக் கப்பல் அத்தூரத்தை 89 நாட்கள் 21 மணி நேரத்தில் கடந்தது. அதற்கு வழி கணித்தவர் எலினார் கிரீசி என்னும் பெண்மணி. அக்கப்பல் தலைவரின் மனைவி. மோரியின் வழிகாட்டுக் குறிப்புகளை நன்கு கற்றவர் அவர்.

கடலுக்கு எல்லைக் கோடுகள் இல்லை. ஆகவே அதை ஆராயும் பணியும் ஒரு நாட்டோடு நிற்கலாகாது என்று மோரி வலியுறுத்தினார். அவருடைய முயற்சியால் 1853-இல் பிரசெல்ஸ் நகரில் பத்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். எல்லா நாட்டுக் கப்பல்களும் ஒரே முறையில் குறிப்பெடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1855-இல் கடலின் பௌதிகப் பூகோளத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்து, பல பதிப்புகள் கண்டது.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. வடதுருவத்தைச் சுற்றிப் பனி உறையாத கடல் இருக்கிறது என்று நம்பினார், அது பிழை. காற்றின் சுழற்சிக்கு அவர் கூறிய காரணங்களைப் பிற்கால அறிஞர்கள் ஏற்கவில்லை. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, அடிமை முறையைக் காக்க நின்ற தென் மாநிலங்களின் பக்கம் சேர்ந்தார். 1873-இல் மறைந்தார். அந்தத் தேர்வை நான் போற்றவில்லை. நீங்களும் போற்ற வேண்டியதில்லை. ஆனால், அவருடைய கொள்கை விளக்கங்கள் வீழ்ந்த பின்னும் அவர் திரட்டிய குறிப்புகள் வீழவில்லை என்பதைக் கவனியுங்கள். அவை நம் காலத்தில் கணிப்பொறிகளில் ஏற்றப்பட்டிருக்கின்றன. உலகின் தட்பவெப்பம் எவ்வாறு மாறி வந்திருக்கிறது என்று ஆராய்கின்றவர்களுக்கு அவை பயன்படுகின்றன.

நண்பர்களே! நடுக்கடலில், ஆடும் விளக்கின் ஒளியில், ‘இன்று காற்று தென்கிழக்கு’ என்று எழுதிய மாலுமிக்கு அது பிற்காலத்தில் யாருக்குப் பயன்படும் என்று தெரியாது. ஆயினும் உள்ளதை உள்ளபடி எழுதினான். அவன் சோம்பலால் பொய்யாக ஒரு வரி எழுதியிருந்தால், மோரியின் மேதையும் அதைத் திருத்தியிருக்க இயலாது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் வெப்பமானியைப் பார்த்து ஓர் எண்ணைக் குறிக்கும்போது, இதை எண்ணிப் பாருங்கள். எதிர்பார்த்த எண்ணை எழுதாதீர்கள். கண்ட எண்ணை எழுதுங்கள். அறிவியல் என்னும் பெருங்கட்டடம் அத்தகைய நேர்மையான சிறு கற்களால் எழுந்ததே ஆகும்.